நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதல்: டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டெயினுக்கு

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழும் உரிமமும் பெற்ற பின்னரே சொந்தத் துப்பாக்கி வாங்க இயலும் என்பதால், டர்பன் தமிழர்கள் முதலில் ஒரு சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் மேற்பார்வையில் 300 மீட்டரில் தொடங்குவதே முறை.

படுத்த நிலையும் மூச்சும் விசை இழுப்பும் சில மாதங்களில் படிந்துவிடும். காற்றைக் கணிக்கவோ ஆண்டுகள் பிடிக்கும். 900 மீட்டரில் ஒரு கோண நிமிடப் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிழை ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் விலகலாகிவிடும் ஆகையால், கொடிகளின் அசைவு, கானலின் ஓட்டம், குண்டு பட்ட இடம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். விலையுயர்ந்த துப்பாக்கியைவிட இந்தக் குறிப்பேட்டையே நான் மேலாக மதிக்கிறேன்.

புளூம்ஃபொன்டெயின் ஜெனரல் டி வெட் சுடுகளப் போட்டிக்குச் செல்பவர்கள், அந்நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அடர்த்தி குறைந்த காற்றில் குண்டு குறைவாகவே தாழும் என்பதை உணர்ந்து, டர்பன் கடற்கரையில் துப்பாக்கியின் குறிநோக்கியில் வைத்த உயர அளவைச் சற்றுக் குறைத்து, ஒத்திகைச் சுடுதலில் சரிபார்க்க வேண்டும்.