சித்தூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: பயண நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்திலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?" என்றுதான். கிலோமீட்டரை வைத்தே மணியைக் கணித்துவிடுவதுதான் முதல் தவறு.

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை என்பதால் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சுமார் 14,000 கி.மீ. ஆனால் குறுகிய வழியே சீக்கிரம் சேர்க்கும் என்பதும் இல்லை. 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. தூரம் கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டதுதான் காரணம். அதே காற்று எதிரே வந்தால் பயணம் நீளும். அதனால் போகிற நேரத்தையே திரும்பி வரவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவில் 9ஆம் தேதி இரவு எட்டரை மணிக்குக் கிளம்பி, பெங்களூரில் 11ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி வாக்கில் இறங்கியது. அப்படியே கழித்தால் முப்பது மணி நேரம் வரும். அங்கே இரவு எட்டரை என்றால் நமக்கு மறுநாள் காலை பத்து. ஆக, பறந்தது சுமார் 17 மணி நேரம்தான். குளிர்காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும்; மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை.

எனக்கு மிகவும் கவலை தருவது நள்ளிரவு விமானம். 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், பலர் 15ஆம் தேதி இரவு என்று எண்ணிக் காருக்குச் சொல்லி வைக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது விமானம் முந்தைய இரவே போயிருக்கும். 14ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். டிக்கெட் போடும் பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு "14ஆம் தேதி மதியம் வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்" என்று சொல்லுங்கள். வெறும் விமான நேரத்தை மட்டும் அனுப்பாதீர்கள்.

அப்புறம் ரோடு. சித்தூரிலிருந்து சென்னைக்குப் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் நெரிசலில் மாட்டலாம். பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. கோலார் வழியாக வருகிறவர்கள் ஹொஸ்கோட்டேயில் திரும்பிவிடலாம், ஊருக்குள் நுழைய வேண்டாம். அதை டிரைவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.