தெருமுனை பப்பும் உங்கள் கருத்தும்

இங்கிலாந்தில் புது வீட்டுக்கு வந்த வாரமே பேருந்து நிறுத்தம், மருத்துவர், மசாலாக் கடை எல்லாவற்றையும் விசாரித்துவிடுவோம். தெருமுனையில் இருக்கும் பப்பை மட்டும் 'நமக்கென்ன' என்று தாண்டிப் போவோம். குடிக்காதவராக இருந்தாலும் ஒருநாள் எட்டிப் பாருங்கள். சில ஊர்களில் குடியிருப்போர் சங்கக் கூட்டமே அங்கேதான் நடக்கும். லைம் சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

உள்ளே புகைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் வந்த தடை, இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்று வந்தது. இந்தியாவில் பெரிய உணவகங்களில் தனிப் புகை அறை பார்த்திருப்பீர்கள். இங்கே பப்பில் அதற்கும் இடமில்லை. பீடி, ஷீஷா என்ற ஹூக்கா எல்லாம் இதில் சேர்த்தி. பிடிபட்டால் 50 பவுண்டு அபராதம், நீதிமன்றம் வரை போனால் 200 வரை. தடுக்காமல் விட்ட பப்காரருக்கு 2,500 பவுண்டு வரை போகும். புகைப்பவர்களுக்காகப் பின்கட்டில் கொட்டகை போடலாம், ஆனால் பக்கங்களில் பாதிக்கு மேல் அடைப்பு இருக்கக் கூடாது. அதனால்தான் ஜனவரிக் குளிரிலும் அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது.

சரி, இத்தனை வருடம் கழித்தும் இதில் பேச என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள், இந்தத் தடைதான் பப்புகளை மூட வைத்தது என்பார். சூப்பர்மார்க்கெட்டின் மலிவு பியரும் வாடகையும் வரியும்தான் காரணம் என்பார் அடுத்த மேசைக்காரர். பரிமாறுபவர்களுக்கோ, அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்காமல் வேலை செய்ய முடிகிறது. பப்பின் தோட்டத்திலும் புகைக்கத் தடை கொண்டுவரலாமா என்று 2024இல் அரசு யோசித்தபோது பப்காரர்கள் கொதித்தார்கள். நவம்பரில் அந்த யோசனை கைவிடப்பட்டது. குழந்தையோடு தோட்டத்தில் சாப்பிட வரும் பெற்றோரில் பலருக்கு அதில் ஏமாற்றம்தான்.

உங்களுக்கு நேரடியாக உறைக்கப் போவது வேறு. உள்ளே இருந்த புகை நடைபாதைக்கு வந்துவிட்டது. பப்புக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தால் இரவு பதினொன்றுக்கு ஜன்னலுக்குக் கீழே பேச்சும் சிரிப்பும், காலையில் வாசலில் சிகரெட் துண்டுகளும். வீடு பார்க்கப் போகும்போதே வெள்ளி இரவு ஒரு நடை போய்வாருங்கள்.

பப்பின் கண்ணாடியில் வெளிர்நீலத்தில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். மது விற்கப் புது உரிமம் அல்லது கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்ணப்பம் போய் 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதலாம், கடைசித் தேதி அந்தத் தாளிலேயே இருக்கும். 'எனக்குக் குடி பிடிக்காது' என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். குற்றம், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, குழந்தைகள் நலன் என்ற நான்கில் ஒன்றோடு பொருந்த வேண்டும். வெளியே புகைப்பது குற்றமல்ல, ஆகவே சத்தம், குப்பை, நேரம், தேதி என்று எழுதுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரர் கைக்குப் போகும். அதனால் முதலில் மேலாளரிடம் நேரில் பேசிப் பார்ப்பதே நல்லது என்பேன். பல இடங்களில் ஒரு சாம்பல் தொட்டியோடு விஷயம் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் வார்டு கவுன்சிலர் இருக்கிறார். பலர் மாதம் ஒருமுறையாவது மக்களைச் சந்திக்க நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாத விஷயம்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வருவதால், முறையான விசாவில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பியவர்கள், மாணவர்கள் உட்பட, இங்கே வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் இணையத்திலேயே பதியலாம். வாக்குச்சாவடிக்கு உங்கள் ஊர் பாஸ்போர்ட்டே போதும்.