முண்டு வத்தல் கடல் கடக்கும் முன்: ஏற்றுமதிக்கும் சுங்க வரிக்கும் ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்பு, ரயிலில் வந்தவர்கள் அங்கேயே சுங்கச் சோதனையை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். இன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியிலோ முதுகுளத்தூரிலோ விளைந்த, உருண்டை மிளகாயைக் காயவைத்த முண்டு வத்தல் அக்கரைக்குப் போக வேண்டுமானால், லாரியில் தூத்துக்குடி சென்று, கன்டெய்னரில் ஏறி, கொழும்பில் இறங்க வேண்டும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, சுங்கத் துறை அறிவித்த இடங்களின் வழியாக மட்டுமே சரக்கு நாட்டை விட்டு வெளியேறலாம். இரவில் நாட்டுப்படகில் போகும் மஞ்சள் மூட்டையும் பீடி இலைக் கட்டும் கடத்தல் பொருளாகவே பிடிபடுகின்றன. கடையில் தாராளமாக விற்கும் பொருள்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

முதல் வேலை, ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண்ணைப் பெறுவது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணம் செலுத்தி இதனைப் பெறலாம். உங்கள் பான் எண்ணே குறியீட்டெண்ணாகவும் அமையும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்திற்குள் விவரங்களை அந்தத் தளத்தில் உறுதிசெய்யத் தவறினால் எண் முடக்கப்பட்டுவிடும் என்பதைப் பலரும் சரக்கு துறைமுகத்தை அடைந்த பிறகுதான் அறிகிறார்கள். அடுத்து, பொருளுக்கேற்ற வாரியத்தில் பதிய வேண்டும்: வத்தலுக்கு நறுமணப் பொருள்கள் வாரியம், இறால், நண்டு, கருவாட்டுக்குக் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், வெல்லம் போன்றவற்றுக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபேடா. அந்நியச் செலாவணியைக் கையாள உரிமம் பெற்ற உங்கள் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. குறியீட்டைத் துறைமுகத்தில் பதிவுசெய்வதைச் சுங்க முகவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, பொருள்களை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டைக் கண்டறிவது. இதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை; இந்தியா மேலும் இரண்டைச் சேர்த்து எட்டாக்குகிறது. முழு வத்தல் 0904.21 என்ற தலைப்பிலும், அதையே இடித்துப் பொடியாக்கினால் 0904.22 என்ற தலைப்பிலும் வரும். ஒரே சாக்கு மிளகாய்தான், ஆனால் உரலுக்குள் போய் வந்தவுடன் குறியீடு மாறிவிடுகிறது. சேருமிடத்தில் அதற்குரிய வரியும் சோதனையும்கூட மாறக்கூடும். ஆகவே விலை பேசும் முன்பே, வாங்குபவரிடம் அவருடைய நாட்டின் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்கி உங்களுடையதுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம் பகுதியினர் பெரிதும் அனுப்பும் நாடுகளில் சிங்கப்பூர் எளிதானது. மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியம் போன்றவை தவிர மற்றவற்றுக்கு அங்கே சுங்க வரி இல்லை. 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ள ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு. ஆனால் உணவுப் பொருளை வரவழைப்பவர் அந்நாட்டு உணவு முகமையின் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரியும் 5 விழுக்காடு வாட் வரியும் உள்ளன. இந்தியாவுடன் 2022 மே முதல் நடைமுறையிலுள்ள வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் இணைத்தால் சுங்க வரி குறையலாம். இலங்கைக்கும் 2000 மார்ச் முதல் இத்தகைய ஒப்பந்தம் உண்டு. ஐரோப்பாவில் வரியை விடச் சோதனைதான் கடினம்: வத்தலில் அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஈரம் போகாமல் அள்ளிக் கட்டிய மூட்டையில் தோன்றும் பூஞ்சைதான் இதற்குக் காரணம் என்பதால், ஐரோப்பாவுக்கான ஏற்பாடு ஆய்வகத்தில் அல்ல, வத்தல் காயும் களத்திலேயே தொடங்குகிறது. 2023-இல் முண்டு மிளகாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு நமக்குப் பெருமைதான். ஆனால் அது எந்த நாட்டிலும் வரிச் சலுகை தராது.

வரியை யார் கட்டுவது என்பதும் விலைப்பேச்சிலேயே முடிவாக வேண்டும். எப்.ஓ.பி. விலை என்றால் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவே உங்களுடையது, சி.ஐ.எப். என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். டி.டி.பி. என்று ஒப்புக்கொண்டால் அயல்நாட்டு வரி முழுவதும் உங்கள் தலையில் விழும். புதிதாக இறங்குபவர்கள் அதற்குச் சம்மதிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆவணங்களில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத் துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் ஆகிய நான்கிலும் எடை, மூட்டை எண்ணிக்கை, பொருளின் பெயர் ஆகியவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நான் உடனிருந்து பார்த்த ஒரு சரக்கில், இன்வாய்ஸில் சாக்கோடு சேர்த்த எடையும் பேக்கிங் லிஸ்டில் சாக்கு நீங்கிய எடையும் எழுதப்பட்டிருந்ததால், திருத்தம் முடியும் வரை கன்டெய்னர் காத்துக் கிடந்தது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விளைபொருளுக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படும். மரப்பலகை வைத்துக் கட்டினால் அந்தப் பலகைக்கும் பூச்சி நீக்கிய முத்திரை வேண்டும். கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால், காய்ந்ததாயினும் அன்பளிப்பாயினும் அவற்றை அனுப்ப இயலாது.

இனி எதிர்த்திசை. வத்தலைப் பொட்டலமிட ஓர் இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றும், கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து அதன் மதிப்பு 2,00,000 ரூபாய் என்றும் கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 7.5 விழுக்காடு எனில் 15,000 ரூபாய். அந்த வரித்தொகையின் மேல் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி 1,500 ரூபாய். மூன்றும் சேர்ந்த 2,16,500 ரூபாயின் மேல் 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. எனப்படும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 38,970 ரூபாய். ஆக, கட்ட வேண்டிய மொத்தம் 55,470 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். மற்ற 16,500 ரூபாய் இயந்திரத்தின் அடக்கவிலையில் சேர்ந்துவிடும். கணக்கிடும்போது வங்கியின் டாலர் விலையைக் கொள்ளாமல், சுங்கத் துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தையே கொள்ள வேண்டும். கப்பல் கூலி தெரியாவிட்டால் எப்.ஓ.பி. மதிப்பில் 20 விழுக்காடும், காப்பீடு தெரியாவிட்டால் 1.125 விழுக்காடும் சேர்க்கப்படும் என்பதால், உண்மையான ரசீதுகளைக் கையில் வைத்திருப்பதே இலாபம்.

இறக்குமதிச் சரக்கைச் சுங்கத் துறைக்கு அறிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரியைச் சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்வது பொது விதி. தாமதித்தால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் 10,000 ரூபாயும் விதிக்கப்படலாம். ஒப்பந்தச் சலுகையில் வரி குறைத்து இறக்கியிருந்தால், பொருள் அந்நாட்டிலேயே உருவானது என்பதற்கான தாள்களை, பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். மூலச் சான்றிதழ் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, அதற்குப் பின்னுள்ள விவரங்களையும் அதிகாரி கேட்கலாம்.