சைலண்ட் ஹில் ஃபேன் எடிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திகில் கேமிலிருந்து வந்த படங்களில், ரசிகர்கள் தாங்களே வெட்டி ஒட்டித் தங்கள் பதிப்பாக (ஃபேன் எடிட்) மாற்றத் திரும்பத் திரும்பக் கை வைக்கும் படம் 2006-இல் வந்த ‘சைலண்ட் ஹில்’. காரணம் கேம் ஆடியவர்களுக்குத் தெரியும். 1999-இல் வந்த கேமில் ஹாரி மேசன் தனியாளாக மகளைத் தேடி அலைவான். படத்தில் அவனுக்குப் பதில் ரோஸ் என்ற தாய். கதையில் ஆண்களே இல்லையே என்று தயாரிப்புத் தரப்பு கேட்டதால், அவளுடைய கணவன் கிறிஸ்டோபர் வெளியே இருந்து தேடும் கிளைக்கதையைப் பிறகு சேர்த்தார்கள். சைலண்ட் ஹில் என்ற ஊரின் மூட்டத்துக்குள் ரோஸோடு நாமும் தொலைந்துபோய்க்கொண்டிருக்கும்போது, படம் நம்மை வெளியே இழுத்துக் காவல்துறை அலுவலகத்தில் உட்கார வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் படம் எவ்வளவு இறுகும் என்ற ஆசை நியாயமானதுதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் பள்ளி விடுமுறை வந்தால் ஒரு மடிக்கணினியோடு இந்த வேலையில் இறங்கும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அடிக்கடி சேவ் செய்யுங்கள், நகல் எடுத்து வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

அப்பா கதையை வேரோடு பிடுங்குவது

கிறிஸ்டோபர் வரும் எல்லாக் காட்சிகளையும் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் டெலிட் செய்வதுதான் முதல் வேலையாக நடக்கிறது. பிறகு கடைசிக் காட்சியில் போய் முட்டிக்கொள்கிறார்கள். ரோஸும் மகள் ஷேரனும் வீடு வந்து சேர்கிறார்கள், வீட்டிலும் மூட்டம். அதே வீட்டில், அதே சோபா அருகில், கிறிஸ்டோபர் மூட்டமில்லாத உலகத்தில் இருக்கிறான். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. படம் முழுக்க அவனைக் காட்டாமல் திடீரென்று இதைக் காட்டினால், பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இந்த முடிவுக்கு அடித்தளம் போடுவது பள்ளிக்கூடக் காட்சி. ரோஸ் இருக்கும் அதே கட்டடத்தில் கிறிஸ்டோபர் நிற்கிறான். அவளுடைய வாசனைத் திரவியத்தின் மணம் அவனுக்கு வருகிறது. ஒரே இடம், இரண்டு உலகம் என்பதைப் படம் வாய்திறந்து சொல்லாமல் காட்டும் இடம் அது. காவல்துறை விசாரணை, ஆவணக் கிடங்கு, அநாதை இல்லம் எல்லாவற்றையும் எடுக்கலாம். இதை மட்டும் தொடாதீர்கள். தொடக்கத்தில் அவன் குடும்பத்தோடு இருக்கும் பகுதியும் இருக்கட்டும்.

இன்னொன்று. அவனுடைய காட்சிகள் கதையை மட்டும் சொல்லவில்லை; ரோஸின் நேரத்தையும் தாவ வைக்கின்றன. ஓரிடத்தில் நிற்கும் ரோஸை விட்டு அவனிடம் போய்த் திரும்புவதற்குள் அவள் வேறோரிடத்துக்குப் போயிருப்பாள். நடுவில் இருந்ததை எடுத்ததும் அந்த இரண்டு ஷாட்டும் ஒட்டிக்கொண்டு, அவள் காற்றில் பறந்து வந்ததுபோல் தெரியும். படத்திலேயே சாம்பல் விழும் தெருவின் அகலமான ஷாட்டுகள் இருக்கின்றன. வேறிடத்தில் பயன்படாமல் மிஞ்சும் ஒன்றிலிருந்து 2 அல்லது 3 வினாடி எடுத்து இடையில் வையுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 12 ஃபிரேம் கறுப்பு.

ஊரின் சாபத்துக்குக் காரணமான அலெஸ்ஸா என்ற சிறுமியின் பழைய கதையைச் சொல்லும் நீண்ட பகுதியையும் சிலர் மர்மம் கெடுகிறது என்று தூக்கிவிடுகிறார்கள். சுருக்கலாம், தூக்கக்கூடாது. அது போனால் தேவாலயத்தில் ரோஸின் இரத்தம் கறுத்து வழிவதற்குக் காரணமே இல்லாமல் போகும்.

ஒலியைக் கடைசிக்குத் தள்ளுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘முதலில் படத்தை வெட்டி முடி, சவுண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கற்றுக்கொடுக்கும் காணொளிகளைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கல்யாண வீடியோவுக்கு அது சரிப்படலாம். திகில் படத்தில் பயம் காதுக்குள் இருக்கிறது.

இங்கே ஒரு தம்பி டிசம்பர் விடுமுறை முழுக்க உட்கார்ந்து கிறிஸ்டோபர் கதையை மிக நேர்த்தியாக எடுத்திருந்தார். படத்தை மட்டும் பார்த்தால் தையல் தெரியாது. ஆனால் அவர் கோப்பை எடுக்கும்போதே ஆடியோவை ஸ்டீரியோவாகச் சுருக்கிவிட்டார். டிவியில் போட்டதும் ஒவ்வொரு வெட்டிலும் இசை நடுவாக்கில் அறுந்தது, காற்றின் இரைச்சல் குதித்தது, வசனத்தின் எதிரொலி பாதியில் செத்தது. சரிசெய்யலாம் என்று பார்த்தால் பேச்சும் இசையும் இரைச்சலும் ஒரே கலவையாக இருக்கின்றன. எதைத் தனியே இழுப்பது? ஆறு தனித் தடங்கள் கொண்ட 5.1 ஒலியை எடுத்து மறுபடி தொடங்கியபோது, ஒலிக்கு ஏற்ற வெட்டுகள் வேறு ஃபிரேமில் விழுந்தன. படத்தையும் முதலிலிருந்து வெட்ட வேண்டியதாயிற்று. விடுமுறை போயே போய்விட்டது.

ஆகவே ஒரு ஃபிரேம்கூட வெட்டுவதற்கு முன்:

5.1 ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக மாற்றி, ஆறு தனி மோனோ டிராக்காக டைம்லைனில் இறக்குங்கள். இங்கேயே ஒரு பொறி உண்டு. வேவ் கோப்பில் வரிசை: இடது, வலது, நடு, எல்எஃப்இ (ஆழ்ந்த தாழ் ஒலிக்கான தடம்), பின் இடது, பின் வலது. டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவத்தின் சொந்த வரிசையோ இடது, நடு, வலது என்று போகும். எல்எஃப்இ கடைசியில் வரும். சில மென்பொருள்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். வசனம் வலது காதில் மட்டும் கேட்டால் இதுதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு டிராக்காகத் தனியே ஓட்டிப் பார்த்து, பெயர் எழுதி வையுங்கள்.

பிறகு நடு டிராக்கை மியூட் செய்துவிட்டு, வெட்ட நினைக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் 10 வினாடி கண்ணை மூடிக் கேளுங்கள். இசை எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது, அடுத்த காட்சியின் மழைச் சத்தம் படம் மாறுவதற்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அப்படி நுழைந்திருந்தால், கிறிஸ்டோபர் போன பிறகும் அவனுடைய மழை ரோஸின் காட்சியின் கடைசி நொடிகளில் கேட்டுக்கொண்டே இருக்கும். சாம்பல் விழும் தெருவில் மழை ஏது?

வெட்டும்போது ஆறு டிராக்கையும் ஒரே கோட்டில் வெட்டாதீர்கள். நடு டிராக்கில் பெரும்பாலும் பேச்சுதான். 2 ஃபிரேம் கிராஸ்ஃபேடு (ஓர் ஒலி அடங்க மற்றொன்று எழுவது) போதும். முன் இடது வலதிலும் பின் இரண்டிலும் சூழல் ஒலி இருக்கும்; அவை 1 முதல் 3 வினாடி வரை ஒன்றன்மேல் ஒன்று படர வேண்டும். எல்எஃப்இ தனி ரகம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும் அந்த அலையை நடுவில் நறுக்கினால் ‘தொம்’ என்று ஓர் அடி விழும். சப்வூஃபர் இல்லாத மடிக்கணினியில் அது கேட்கவே கேட்காது. டிவியோடு ஒலிபெருக்கி வைத்திருப்பவர் வீட்டில் சுவர் அதிரும். 4 முதல் 6 ஃபிரேம் ஃபேடு கொடுத்து இறக்கி ஏற்றுங்கள்.

கிராஸ்ஃபேடின் வகையும் முக்கியம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளை, எடுத்துக்காட்டாகத் தெருக் காற்றையும் பள்ளிக்கூட இரைச்சலையும், நேர்கோட்டு ஃபேடில் சேர்த்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும். ஒலியின் ஆற்றலை மாறாமல் வைக்கும் ஈக்குவல் பவர் ஃபேடு போட்டால் சமமாக இருக்கும். ஒரே இரைச்சலின் ஒரே அலை இரண்டு பக்கமும் இருந்தால் நிலைமை தலைகீழ்: அங்கே ஈக்குவல் பவர் 3 டெசிபல் மேட்டை உண்டாக்கும், நேர்கோடுதான் சரி. பழகாதவர்கள் மென்பொருள் எதைத் தருகிறதோ அதையே எல்லா இடத்திலும் போட்டுவிட்டு, ‘ஏதோ உறுத்துகிறது’ என்கிறார்கள்.

வெட்டின் குறுக்கே இசை ஓடினால் வெட்டை நகர்த்துங்கள், இசையை அறுக்காதீர்கள். நகர்த்த வழியில்லை என்றால் இசை அடங்கும் இடம்வரை முன்காட்சியின் இசையையே ஓடவிட்டு, அதன் வால் அடுத்த காட்சிக்குள் கரையட்டும். ஓட்டை விழுந்த இடங்களை நிரப்ப, யாரும் பேசாத, யாரும் நடக்காத 8 அல்லது 10 வினாடித் தெரு ஒலியைப் படத்திலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2 வினாடித் துண்டை லூப் செய்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஸ்டீரியோவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் டெமுக்ஸ் போன்ற கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டுக்கு அவை நன்றாக வேலை செய்யும். முணுமுணுப்பும் எதிரொலியும் நிறைந்த இந்தப் படத்தில், பிரித்த குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைகிறது. கையில் 5.1 இருக்கும்போது அது தேவையே இல்லை.

சைரன் காட்சிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சைரன் ஊதத் தொடங்கி இருள் இறங்கும்வரை உள்ள இடைவெளியில்தான் வயிறு பிசைகிறது. நீளமாக இருக்கிறதென்று அதைக் குறைக்காதீர்கள். குறைத்த பிறகு இருள் வெறும் விளக்கணைப்பாகிவிடும்.

எல்லாவற்றையும் ஹெட்போனில் கேளுங்கள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றும் அறையில், தகரக் கூரையில் மழை கொட்டும் மாலையில், மடிக்கணினி ஸ்பீக்கரை நம்பி சூழல் ஒலியைச் சரிபார்க்க முடியாது. குதிக்கும் இரைச்சலைக் காற்றாடிச் சத்தம் மூடிவிடும்.

ஃபிரேம் ரேட்டைப் பிறகு மாற்றலாம் என்று நினைப்பது

படம் புளூரேயில் வினாடிக்கு 23.976 ஃபிரேம். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் புது புரொஜெக்டை 24-இல் திறக்கும். கோப்புகளை உள்ளே கொண்டுவந்த பிறகு அந்த எண்ணை மாற்ற விடாது. முதலில் 23.976 வைத்துவிட்டுப் பிறகு இறக்குமதி செய்யுங்கள். 24-க்கும் 23.976-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டால், ஒலியும் படமும் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகக்கூடும்.

நம் நாட்டில் பழைய டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி முறையில் 25 ஃபிரேமில் ஓடுபவை. அவற்றில் 125 நிமிடப் படம் சுமார் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். பல டிவிடிகளில் குரலும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புளூரேயோடு ஒட்டுவதாக இருந்தால் வேகத்தை 95.904 சதவீதமாகக் குறையுங்கள். சுருதி உயர்ந்த டிவிடியானால் ஒலியின் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். பக்கத்து ஃபிரேம்களைக் கலக்கும் ஃபிரேம் பிளெண்டிங்கை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நடப்பவர்களுக்கெல்லாம் நிழல் முளைக்கும்.

கேம் காட்சிகளை நடுவில் செருகுவது

வேண்டாம். 4:3 சட்டம், வேறு ஃபிரேம் ரேட், வேறு முகங்கள்.

கேமின் இசையை மேலே கொட்டுவது

அகிரா யமாஓக்காவின் கேம் இசை ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. இரண்டு முறை ஊற்ற வேண்டியதில்லை.

பகல் வெளிச்சத்தில் இருட்டைத் திருத்துவது

சன்னல் திறந்த அறையில் உட்கார்ந்து ‘இருட்டு போதவில்லை’ என்று கறுப்பை இன்னும் அழுத்துகிறார்கள். இரவில் பார்த்தால் ரோஸின் முகமே காணோம். நிறம் திருத்தும் வேலையை இரவில், சுவரில் ஒரு மங்கல் விளக்கோடு செய்யுங்கள்.

லெவலையும் பாருங்கள். வீடியோவின் கறுப்பு 16, வெள்ளை 235. மென்பொருள் அதை 0 முதல் 255 வரை என்று தவறாக எடுத்துக்கொண்டால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். எதிர்ப்பக்கம் தவறினால் இருட்டுக்குள் இருப்பதெல்லாம் மூழ்கிவிடும். தலைப்பு எழுத்துகள் வரும் முழுக் கறுப்பு ஃபிரேமில் ஸ்கோப்பை (ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தை) வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்.

மூட்டத்தைப் படிக்கட்டாக்குவது

மூட்டம் என்பது மெல்ல மெல்ல மாறும் சாம்பல் நிறம். பிட்ரேட்டைக் குறைத்து 8 பிட்டில் ஏற்றுமதி செய்தால் அந்த மெல்லிய மாற்றம் பட்டை பட்டையாக உடையும். ஏற்றுமதிக்கு எக்ஸ்265 என்கோடரில் 10 பிட், தர எண்ணான சிஆர்எஃப் 16 முதல் 18 வரை. எக்ஸ்264 பயன்படுத்தினால் ஏக்யூ மோட் 3. இருண்ட பகுதிகளுக்கு அது அதிக பிட் ஒதுக்கும். துகள்களைக் காக்கும் டியூன் கிரெய்ன் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் துகள்களை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுத் துடைப்பவர்களுக்கும் இதே பட்டைதான் பரிசாகக் கிடைக்கும், ஏனென்றால் அந்தத் துகள்கள்தான் பட்டையை மறைத்துக்கொண்டிருந்தன.

இடி முழங்கும்போது ரெண்டர்

பிளக்கைப் பிடுங்குங்கள். மறுநாள் காலையில் போடலாம்.

விற்பது, மண்டபத்தில் திரையிடுவது

கூடவே கூடாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தோட்ட மண்டபத்துக்கும் பொருந்தும். வட்டின் நகலெடுப்புத் தடைப் பூட்டை உடைப்பதையும் அது தடுக்கிறது.

தமிழ் சப்டைட்டிலை முன்கூட்டியே எழுதுவது

பாட்டியும் பார்க்கட்டும் என்று தமிழில் எழுத நினைப்பது நல்ல எண்ணம். ஆனால் வெட்டு முடிவதற்கு முன் எழுதினால் ஒவ்வொரு காட்சியை எடுக்கும்போதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா வரியும் நகர வேண்டும். இனி வெட்டில்லை என்று படம் பூட்டப்பட்ட பிறகு தொடங்குங்கள். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாகத் தனியே வையுங்கள்; படத்தின் மேல் பதிக்க வேண்டாம். எடிட்டிங் மென்பொருளின் எழுத்துக் கருவியிலேயே பதிப்பதாக இருந்தால், முதலில் ‘கொண்டுபோ’ என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் போய் நின்றால் அந்தக் கருவிக்குத் தமிழ் அடுக்கத் தெரியவில்லை. வேறு மென்பொருளில் பதியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே ஒரு வரியில் ஐந்தாறு சொல், இரண்டு வரிக்கு மேல் கூடாது. கத்தலுக்கும் சைரனுக்கும் ‘சைரன் ஒலிக்கிறது’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள், காது கேளாதவர்களுக்கென்று தனிக் கோப்பு தயாரித்தால் ஒழிய.