லாரி கேபினில் கதவு விளக்குக்குத் தனி சுவிட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடோன் வாசலில் லோடு இறங்கி முடியும்வரை லாரியின் கதவு திறந்தே கிடக்கும். கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் கேபின் விளக்கும் படிக்கட்டு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி கேபினில் படுப்பவர் காற்றுக்காகக் கதவை ஒருக்களித்து வைத்தால் கண்ணில் வெளிச்சம், கூடவே கொசு. ஒரு சுவிட்ச் போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஒயரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் இந்தச் சின்ன வேலைக்குப் பிறகு ஃபியூஸ் அடிக்கடி போவது, டேஷ்போர்டு மீட்டரில் கதவு எச்சரிக்கை வராமல் போவது, எல்.ஈ.டி. அணையாமல் மினுங்குவது என்று வண்டிகள் பட்டறைக்கு வருவது வாடிக்கை. பெரும்பாலும் சுவிட்ச் நல்லதாகவே இருக்கும், ஒயரை வெட்டிய இடம்தான் தப்பாக இருக்கும்.

தொடங்குவதற்கு முன் விளக்கையே ஒருமுறை பாருங்கள். கூரை விளக்குகள் பலவற்றில் ஆன், கதவு, ஆஃப் என மூன்று நிலை சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும். கூரையில் இருக்கும் ஒரே விளக்குதான் பிரச்சினை என்றால் அதை ஆஃபில் தள்ளினால் போதும். படுக்கைப் பக்க விளக்கு, இரண்டு கதவின் படி விளக்கு எல்லாம் சேர்ந்து எரியும் வண்டிக்குத்தான் தனி சுவிட்ச் தேவைப்படும்.

பேட்டரிக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 24 வோல்ட் லாரியில் 10 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 0.83 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 8 ஆம்பியர்-அவர் சொச்சம். நல்ல பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரிதான் காலையில் செல்ஃப் இழுக்கத் திணறும். 12 வோல்ட் பிக்அப்பில் கதை வேறு. 5 வாட் பல்பு நான்கு என்றால் அதே 20 வாட்தான், ஆனால் 1.67 ஆம்பியர் போகும். பத்து மணி நேரத்தில் 17 ஆம்பியர்-அவர், அதாவது 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏறக்குறையப் பாதி.

கதவு சுவிட்சின் ஒயரை வெட்டுவது

அதிகம் நடக்கும் தவறும் அதிகம் கெடுக்கும் தவறும் இதுதான். கதவுத் தூணில் பட்டன் போல இருக்கும் டோர் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. அதன் ஒயரை வெட்டி நடுவில் ஒரு சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைகிறது, வேலை முடிந்தது என்று தோன்றும். பழைய வண்டிகளில் உண்மையிலேயே அத்துடன் முடிந்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டிகள் பலவற்றில் அந்த ஒயர் விளக்குக்கு நேராகப் போவதே இல்லை. கதவு திறந்ததா மூடியதா என்ற தகவலை மட்டும் அது பாடி கன்ட்ரோல் யூனிட்டுக்கு (விளக்கு, பூட்டு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) சொல்கிறது. விளக்கை எரிப்பது அந்த யூனிட். தகவல் ஒயரை வெட்டினால் யூனிட்டைப் பொறுத்தவரை கதவு எப்போதும் மூடியே இருக்கும். கதவு சரியாகச் சாத்தாமல் வண்டி கிளம்பினாலும் மீட்டரில் சின்னம் வராது. சாவியை விட்டுவிட்டு இறங்கினால் அடிக்க வேண்டிய பஸ்ஸர் அடிக்காது. சென்ட்ரல் லாக் உள்ள வண்டியில் சாவி உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

இதே தவறின் மறுபக்கமும் உண்டு. கதவு மூடியிருக்கும்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று டோர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே எர்த்துக்கு (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடி இரும்பு) ஒரு சுவிட்சை இணையாகக் கொடுப்பார்கள். விளக்கு எரியும்; யூனிட்டோ கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வண்டி ஓடும் நேரமெல்லாம் எச்சரிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டியிலும் டோர் சுவிட்சில் வெட்ட ஒரு தடை இருக்கிறது. டிரைவர் பக்கக் கதவு, கிளீனர் பக்கக் கதவு இரண்டின் ஒயரும் ஓரிடத்தில் சேர்ந்துதான் விளக்குக்குப் போகும். ஒரு பக்கத்தை வெட்டினால் மற்றக் கதவைத் திறக்கும்போது விளக்கு வழக்கம்போல எரியும். எனவே இரண்டும் சேரும் இடத்துக்கும் விளக்குக்கும் இடையில்தான் வெட்ட வேண்டும். புது வண்டியில் யூனிட்டுக்கும் விளக்குக்கும் இடையில். பழசோ புதுசோ, விளக்கின் பக்கம் வெட்டு என்ற இந்த ஒரு விதி இரண்டுக்கும் பொருந்தும்.

எந்த ஒயர் என்று அளக்காமல் தொடுவது

ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனி கேபின் வேறு; சேசிஸ் வாங்கி நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டிய கேபின் வேறு. பாடி கட்டியவர் கையில் அன்று இருந்த ஒயர்தான் உள்ளே போயிருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத இரும்பில் பிடித்து, விளக்கைக் கதவு நிலையில் விட்டு, பல்பைக் கழற்றாமல் அதன் இரண்டு முனையையும் சிவப்பு முனையால் தொடுங்கள்.

கதவு மூடியிருக்கும்போது இரண்டு முனையிலும் பேட்டரி வோல்ட் காட்டி, கதவைத் திறந்ததும் ஒன்று சைபருக்கு இறங்கினால், எர்த் பக்கம் கட்டுப்படும் சர்க்யூட். சைபருக்கு இறங்கிய ஒயர்தான் உங்களுக்கு வேண்டியது. மூடியிருக்கும்போது இரண்டிலும் சைபர், திறந்ததும் ஒன்றில் வோல்ட் ஏறினால், பாசிட்டிவ் பக்கம் கட்டுப்படுகிறது. வோல்ட் ஏறிய ஒயரைப் பிடியுங்கள். எல்.ஈ.டி. விளக்கு இருந்தால் மூடிய நிலையில் வரும் அளவு குழப்பும். பல்பு மாற்றக்கூடிய ஹோல்டர் என்றால் சோதனை முடியும்வரை சாதாரண பல்பைப் போட்டுக்கொள்ளலாம்.

எர்த் பக்க ஒயரையே சுவிட்சுக்கு இழுப்பதில் ஒரு லாபமும் உண்டு. டேஷ்போர்டுவரை நீட்டிய அந்த ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து பாடியில் பட்டால், விளக்கு அணையாமல் எரியும், அவ்வளவுதான். நேர் சப்ளை ஒயரை நீட்டியிருந்தால் அதே உரசலுக்கு ஃபியூஸ் போகும். ரேடியோ, கடிகாரம் என்று அந்த ஃபியூஸில் இருப்பதெல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

கதவு, ஆஃப், எப்போதும் ஆன் என மூன்றும் வேண்டுமென்றால், நடுவில் ஆஃப் உள்ள மூன்று கால் சுவிட்சை வாங்குங்கள். எர்த் சர்க்யூட்டில் நடுக்காலுக்கு விளக்கிலிருந்து வரும் முனை, ஒரு ஓரக்காலுக்குக் கதவிலிருந்து வரும் முனை, மற்ற ஓரக்காலுக்கு நல்ல எர்த். இப்படிச் செய்தால் ஆனில் வைக்கும்போது கதவு ஒயர் தனியே கழன்று நிற்கும், மீட்டரில் பொய் எச்சரிக்கை வராது. பாசிட்டிவ் சர்க்யூட்டில் எர்த்துக்குப் பதிலாக ஃபியூஸ் வழியாக வரும் நேர் சப்ளை. அந்தச் சப்ளையை விளக்கின் பழைய ஃபியூஸுக்குப் பின்னாலிருந்தே எடுத்தால் புது ஃபியூஸ் தேவையில்லை. பேட்டரியிலிருந்து நேரே எடுத்தால் 3 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தால் பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயருக்குக் காவல் இல்லை.

மின்னும் சுவிட்ச், வீட்டு சுவிட்ச், ரிலே

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது உள்ளே சிவப்பாக மின்னும் மூன்று கால் ராக்கர் சுவிட்ச். அதில் ஒரு கால் சப்ளை, ஒரு கால் விளக்கு, பித்தளை நிறத்தில் இருப்பது பெரும்பாலும் எர்த். எர்த் ஒயரும் விளக்கு ஒயரும் கால் மாறினால், சுவிட்சை ஆன் செய்த நொடியில் சப்ளை நேராக எர்த்துக்குப் போய் ஃபியூஸ் தெறிக்கும். பார்ப்பதற்கு முன்பு சொன்ன, நடுவில் ஆஃப் உள்ள சுவிட்ச் போலவே இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எர்த் பக்கம் வெட்டும் சர்க்யூட்டுக்கு மின்னும் சுவிட்ச் ஒத்தே வராது: அதற்கு வேண்டிய சப்ளை அந்த ஒயரில் இல்லை, அதன் உள்விளக்கு வழியாகக் கசியும் துளி கரண்ட்டுக்கே எல்.ஈ.டி. மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். 12 வோல்ட்டுக்கான உள்விளக்கு 24 வோல்ட்டில் கருகும் என்பது தனி. இந்த வேலைக்கு மின்னாத சாதா சுவிட்சே மேல்.

வீட்டு 6 ஆம்பியர் சுவிட்சைப் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள். ஓரிரு ஆம்பியருக்கு அதன் காண்டாக்ட் ஒன்றும் எரிந்துவிடாது. ஆனால் வண்டி அதிர்வில் அதன் ஸ்குரூ தளர்ந்து ஒயர் வெளியே வரும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைப்பது இதற்கு நேர்மாறான மிகை. ரிலேயின் கம்பிச்சுருள் மட்டுமே 2 வாட்டை நெருங்கிக் குடிக்கும், ஒரு எல்.ஈ.டி. விளக்கை அணைக்க அதே அளவு கரண்ட்டைச் செலவழிப்பதில் என்ன மிச்சம்?

ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் எடுப்பது

விளக்கை மாற்றும் சாக்கில் 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டையை ஒட்டிவிட்டு, தொடரில் நிற்கும் இரண்டு பேட்டரியில் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுப்பது லாரிகளில் பழகிப்போன குறுக்குவழி. ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் சொச்சத்தில் சார்ஜ் செய்கிறது. தனித்தனியாக எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. செலவான பேட்டரி அரைகுறையாகவே நிற்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். முடிவில் ஜோடியாக மாற்ற வேண்டிவரும். 24 வோல்ட் எல்.ஈ.டி. வாங்குங்கள், 12தான் வேண்டுமென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வழியாகக் கொடுங்கள்.

ஒயரும் ஜாயின்ட்டும்

அளந்து முடித்ததும், ஒயரை வெட்டுவதற்கு முன், பாடிக்குப் போகும் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மாட்டும்போது அது கடைசி. பல இழை உள்ள 0.75 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர் தாராளம். ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறியும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கூரைக்குள் நிற்காது: வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைச் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடை தாண்டுவதற்குள் சுருள் பிரியும். ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் குழாய் ஏற்றுங்கள். சால்டர் வைத்தால் ஜாயின்ட்டை ஒட்டிய பகுதி விறைத்து அங்கேயே ஒடியும் என்பதால், இரண்டு பக்கமும் டையால் கட்டி ஆடாமல் நிறுத்த வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஹார்னஸை (கம்பெனி ஒயர்க்கட்டு) வெட்டாமல், விளக்கின் கனெக்டருக்குப் பொருந்தும் ஜோடி கனெக்டர் வாங்கி இடையில் செருகுவது பிற்பாடு வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

எர்த்தை பெயின்ட் மேல் ஸ்குரூ வைத்து முடிக்காதீர்கள். சுரண்டி, வளைய லக் போட்டு இறுக்குங்கள். மரச்சட்டமோ ஃபைபரோ உள்ள கேபினில் கைக்கு அருகே இரும்பு தெரிந்தாலும் அது சேசிஸோடு சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்துவிட்டுப் போல்ட் போடுங்கள். ஏர்பேக் உள்ள பிக்அப்பில் மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதன் பக்கமே போக வேண்டாம், டெஸ்ட் லேம்ப்பால் குத்தவே கூடாது.

சுவிட்சைக் கதவுப் பலகையில் வைப்பது பார்க்க வசதி. ஆனால் அந்த ஒயர் கீல் பக்க ரப்பர் குழாய் வழியாக, ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மடிய வேண்டியிருக்கும். டேஷ்போர்டில், முழங்கால் இடிக்காத இடமாகப் பாருங்கள். சிறிய செவ்வக ராக்கருக்கு 19க்கு 13 மி.மீ. துளை, வட்ட ராக்கருக்கு 20 மி.மீ., பெரிய டாகிளுக்கு 12 மி.மீ. டிரில் வைக்கும் முன் பின்னால் கையை விட்டு, ஹார்னஸோ ஏசி குழாயோ இல்லை, மூன்று நான்கு செ.மீ. ஆழம் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

சுவிட்ச் போடச் சோம்பல்பட்டு, பேட்டரியையே துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பி விளக்கை அணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்றும் பிஎஸ்6 லாரியில் சாவியை அணைத்த பிறகும் யூரியா பம்ப் சிறிது நேரம் ஓடிக் குழாயைக் காலி செய்யும். அதற்குள் கட்-ஆஃப் திருப்பினால் குழாயில் தங்கிய யூரியா உப்பாகப் படிந்து அடைக்கும். அந்தச் செலவோடு பார்த்தால் சுவிட்சின் விலை ஒன்றுமே இல்லை.

கேபினின் உள்லைனிங்கை மாட்டுவதற்கு முன், சுவிட்சை ஆஃபில் வைத்து ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். விளக்கு அணைந்திருக்க வேண்டும், மீட்டரில் கதவுச் சின்னம் வர வேண்டும், சாவி பஸ்ஸர் அடிக்க வேண்டும். சின்னம் வராவிட்டால் வெட்டியது தகவல் ஒயர். திரும்பச் சேர்த்துவிட்டு விளக்கின் பக்கம் போங்கள். பிறகு மூன்று நிலையிலும் வைத்து ஒயர்க்கட்டைக் கையால் பலமாக ஆட்டுங்கள். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினாலும் அந்த ஜாயின்ட்டைப் பிரித்துப் புதிதாக கிரிம்ப் செய்துவிட்டே லைனிங்கை மூடுங்கள்.