கணப்படுப்பின் வெப்பத்தை அறைக்குள் நிறுத்துவது எப்படி

கணப்படுப்பு வைத்திருப்பவர்கள் பலரிடமும் ஒரே குறையைக் கேட்கலாம்: தீ நன்றாகத்தான் எரிகிறது, விறகும் மளமளவென்று தீர்கிறது, ஆனால் அடுப்புக்கு நேரே உட்கார்ந்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் குளிர் விடுவதில்லை. முன்புறம் திறந்திருக்கும் கணப்படுப்பில் விறகின் வெப்பத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் மட்டுமே அறைக்குக் கிடைக்கிறது. எஞ்சியது புகையோடு மேலே போய்விடுகிறது. அது மட்டுமன்று, அறையில் ஏற்கெனவே சூடேறிய காற்றையும் புகைபோக்கி உறிஞ்சி வெளியேற்றுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவு, சன்னல் இடுக்குகளின் வழியே குளிர்காற்று நுழைகிறது. தீயைப் பெரிதாக்கினால் இந்த இழுப்பும் பெரிதாகும் என்பதால், மேலும் மேலும் விறகைப் போடுவது தீர்வாகாது. அடுப்பிலிருந்து நேரடியாக வீசும் கதிர்வெப்பத்தைக் கூட்டுவதும், புகைபோக்கி இழுத்துச் செல்லும் காற்றைக் குறைப்பதுமே செய்ய வேண்டியவை.

முதலில் விறகைக் கவனியுங்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்த நீர் ஆவியாகும்வரை தீயின் வெப்பம் அதற்கே செலவாகும். தீயின் சூடு தணியும், புகை மிகும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகே எரிக்கத் தக்கது. மென்மரங்கள் இந்த நிலையை அடையக் குறைந்தது ஆறு மாதங்களும், கருவாலி (ஓக்) போன்ற வன்மரங்கள் ஓரிரு ஆண்டுகளும் ஆகும். மரப்பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதால், உருளையாக விடாமல் பிளந்த பிறகே அடுக்க வேண்டும். அடுக்கு தரையில் படாமலும், மேற்புறம் மட்டும் மூடியும், பக்கங்கள் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். முழுவதையும் தார்ப்பாயால் போர்த்துவது விறகைப் புழுங்க வைக்கும். உலர்ந்த விறகின் முனைகளில் வெடிப்புகள் தெரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் கணீரென்று ஒலிக்கும். ஈரமானி இருந்தால், கட்டையின் முனையில் அளக்காமல், அப்போதே பிளந்த உட்பரப்பில் அளந்து பாருங்கள்.

தீ மூட்டும் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய கட்டைகளை அடியிலும், சிறியவற்றை அவற்றின் மேலும், சுள்ளிகளை உச்சியிலும் வைத்து மேலிருந்து பற்றவைத்தால், கீழிருந்து எழும் வாயுக்கள் மேலுள்ள சுடரைக் கடக்கும்போது எரிந்துவிடுவதால் புகை குறைகிறது. அடியில் சுள்ளி வைத்தே பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்; ஆயினும் ஒருமுறை செய்து பார்த்தால் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. கட்டைகளைப் பின்சுவரையொட்டி, அவற்றிடையே தணல் ஒளிரும் இடைவெளி அமையுமாறு வையுங்கள். ஒன்றையொன்று பார்த்து எரியும் பரப்புகள் சூட்டைத் தக்கவைத்து அறைப்பக்கம் வீசும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பலை அடியில் விட்டுவைப்பதும் தணல் நீடிக்க உதவும்.

புகைபோக்கியின் வழியைத் திறந்து மூட உதவும் டேம்பர் தகட்டைத் தீ மூட்டும்போது முழுவதும் திறந்து வைத்து, தீ நிலைபெற்ற பின் சிறிது சிறிதாக மூடலாம். அறைக்குள் புகை எட்டிப் பார்க்கும் நிலை வந்தால் உடனே சற்றுத் திறந்து, அந்த அளவில் நிறுத்துங்கள். தணல் முற்றிலும் அணையும்வரை அதை முழுவதும் மூடவே கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதை உணர்ந்து ஒலிக்கும் கருவியை அறையில் பொருத்தாமல் கணப்பு மூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்திவிட்டு, அடுப்புக்கு அருகிலுள்ள சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால், தீக்கு வேண்டிய காற்று வீடு முழுவதிலும் இருந்து இழுக்கப்படாமல் அங்கிருந்தே கிடைக்கும்.

பின்சுவரில் தடித்த வார்ப்பிரும்புத் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்தால், அது சூட்டை வாங்கி முன்பக்கம் வீசும். தீ அணைந்த பிறகும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அடுப்பின் வடிவத்தையே மாற்றலாம் என்று 1790களில் காட்டியவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட இயற்பியலாளர் பெஞ்சமின் தாம்சன். அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு ஏறத்தாழ 135 பாகைக் கோணத்தில் வெளிநோக்கி விரித்து, புகை செல்லும் கழுத்தை ஒடுக்கினார்; அதனால் வெப்பம் அறைக்கு மிகுதியாகத் திரும்பியது. இன்று செலவு செய்ய முடிந்தவர்களுக்குச் சிறந்த வழி, திறந்த அடுப்புக்குள் கண்ணாடிக் கதவுள்ள மூடிய இரும்பு அடுப்பைப் பொருத்துவதே. தரமானவை விறகின் வெப்பத்தில் 65 சதவீதத்துக்கும் மேல் வீட்டுக்குள் தருகின்றன. திறந்த அடுப்பின் முன்னே வெறும் கண்ணாடிக் கதவு மாட்டுவது இதற்கு ஈடாகாது. கண்ணாடி கதிர்வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் தீ தணிந்து, டேம்பரை இன்னும் மூட முடியாத இரவு நேரத்தில், அறையின் காற்று வெளியேறாமல் காக்க அது பயன்படும்.

புகைபோக்கியின் உட்புறத்தில் படியும் கிரியோசோட் என்ற தார் போன்ற புகைப்படிவு எளிதில் தீப்பற்றக்கூடியது; ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆளை அழைத்துச் சோதித்துத் தூய்மைப்படுத்துங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோகக் கலத்தில் இட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள், ஏனெனில் அதனுள் மறைந்த கங்குகள் சில நாள்வரை உயிரோடு இருக்கக்கூடும்.