மணல் ஆற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு: இலங்கைக்கு முதல் பயணம், களனியில் முதல் ராஃப்டிங்

"நம்ம ஆத்துல இல்லாத தண்ணியா தம்பி அங்க ஓடுது?"

நண்பர்களோடு இலங்கைக்குப் போய் ஆற்றில் ரப்பர் படகு விடப்போகிறோம் என்று சொன்னதும் என் அப்பாயி கேட்டது இது. மன்னார்குடிப் பக்கம் பாமணி ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நான். சட்ரஸ் (ஆற்று மதகு) மேலிருந்து குதித்து நீச்சல் கற்றவர்கள் நாங்கள் ஐந்து பேரும். அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. போய் வந்த பிறகு தெரிகிறது. தண்ணீர் ஒன்றுதான், அடியில் இருப்பதுதான் வேறு. நம் ஆற்றுக்கு அடியில் மணல், அந்த ஆற்றுக்கு அடியில் பாறை. டெல்டாவிலிருந்து முதல்முறை கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் பாஸ்போர்ட்டில் தொடங்கிப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு தாள்

எல்லோரும் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் டீக்கடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஐந்து பேரும் உட்கார்ந்து, யார் எதில் இறங்குவார், எதில் இறங்கமாட்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகு விடுவது), பாறைக் குளத்தில் குதிப்பது, ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), கடலில் சர்ஃபிங் (பலகையில் அலைமேல் சறுக்குவது) என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒவ்வொருவர் பெயரும் இருக்கட்டும்.

எங்கள் நீடாமங்கலத்து நண்பன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "மாப்ள, சின்ன வயசுல சட்ரஸுக்குக் கீழ சுழல்ல மாட்டுனவன் நான். வேகமா ஓடுற தண்ணியில இறங்கமாட்டேன். கரையில நிக்கிறேன்." சரி என்று எழுதிக்கொண்டோம். அதன்பின் யாரும் அவனை வற்புறுத்தவில்லை, கிண்டலும் செய்யவில்லை. இந்தப் பேச்சை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். அங்கே போய், பணம் கட்டியாயிற்று, நாலு பேரும் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள் என்ற நிலையில் ஒருவனுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. பயத்தோடு படகில் ஏறுகிறவன் கைடு சொல்வதைக் காதில் வாங்கமாட்டான். அது அவனுக்கு மட்டுமல்ல, படகில் இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து.

ஆஸ்துமா, இதய நோய், முதுகு அல்லது தோள்பட்டையில் பழைய அடி இருந்தால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்டும் நம் இனிஷியலும்

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பம், சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய் கட்டணம். தஞ்சாவூரிலேயே சேவா மையம் இருக்கிறது. அப்புறம் போலீஸ் விசாரணை. இவ்வளவும் எளிதுதான். சிக்கல் வருவது பெயரில்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பலர் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இலங்கைக்கு மட்டும் போவதென்றால் சமாளித்துவிடலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்கமாட்டோம் என்று அறிவித்தபோது, நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் திண்டாடினார்கள். புதிதாக எடுக்கிறவர்கள் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே வரிசை, அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

பத்தாவது தேறியவர்கள் அந்தச் சான்றிதழைக் கட்டாயம் இணையுங்கள். 'ஈ.சி.ஆர்.' (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு) முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். பின்னால் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக நேர்ந்தால் அலைச்சல் மிச்சம். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

படி 3: மாதமும் வழியும்

தை அறுவடை முடிந்து நெல்லை விற்றபின் கிளம்புங்கள். நமக்கும் ஓய்வு, வீட்டிலும் தடை சொல்லமாட்டார்கள். இலங்கையின் தெற்கு, மேற்குக் கடற்கரையிலும் மாசியில் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. யாழ்ப்பாணம் பார்க்க அது அருமையான வழி. ஆனால் களனி ஆற்றில் ராஃப்டிங் நடக்கும் கித்துல்கல நாட்டின் தென்மேற்கில் இருப்பதால் அதற்கு விமானம்தான் வசதி.

படி 4: அனுமதியும் பணமும்

கிளம்பும் முன்பே இணையத்தில் ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) எடுத்துவிடுங்கள். இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் வாங்கும் தரகர் தளங்கள் நிறைய உண்டு. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் போகிற மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். திருச்சியிலேயே கேட்பார்கள்.

இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் கொண்டுபோகலாம். மீதியை உரிமம் பெற்ற கடையில் டாலராக மாற்றி ரசீது வாங்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யு.பி.ஐ.யும் செல்லும். ஆனால் மலைப்பக்கத்துச் சின்னக் கடைகளில் ரொக்கம்தான். பொதுச்செலவுக்கு ஒரே ஒருவர் கணக்கு வையுங்கள், இரவில் எல்லோருக்கும் படித்துக் காட்டட்டும்.

படி 5: இன்சூரன்ஸ், விலக்குப் பட்டியலோடு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விமான டிக்கெட் எடுக்கும்போது ஒரு கட்டத்தைத் தொட்டால் பயணக் காப்பீடு சேர்ந்துவிடும். நாங்களும் தொட்டோம், அது போதும் என்றும் நினைத்தோம். நல்லவேளையாக நீடாமங்கலத்தான் பாலிசியைத் திறந்து 'விலக்குகள்' என்ற பகுதியைப் படித்தான். சாகச விளையாட்டுகளில் ஏற்படும் காயத்துக்குப் பணம் இல்லை என்று அதில் இருந்தது. அதற்குத்தானே நாங்கள் போகிறோம்!

பல பாலிசிகள் அப்படித்தான். கூடுதல் பிரீமியம் கட்டிச் சாகச விளையாட்டுகளைச் சேர்க்க முடிகிற பாலிசியாக வாங்குங்கள். நீங்கள் இறங்கப்போகும் விளையாட்டின் பெயர் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மது அருந்திய நிலையில் காயம்பட்டால் எந்தப் பாலிசியும் கைகொடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். இந்திய லைசென்ஸ் மட்டும் வைத்து ஓட்டுவது அங்கே செல்லாது. செல்லாத லைசென்ஸோடு விழுந்தால் காப்பீடும் இல்லை.

படி 6: ஊரிலேயே ஒரு பயிற்சி

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதற்கு முன், மார்பளவு தண்ணீர் மெதுவாக ஓடுகிற, ஆழம் தெரிந்த இடமாகப் பார்த்து, கரையில் ஆள் நிறுத்திக்கொண்டு இதைப் பழகுங்கள். ஆறு காய்ந்துவிட்டால் பம்புசெட் தொட்டி போதும்.

மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் தண்ணீர் போகிற திசையில் முன்னால் நீட்டியிருக்க வேண்டும். கால் விரல்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளி உடலைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் நமக்கு இது வராது, ஏனென்றால் தண்ணீர் இழுத்தால் நாம் பிறந்ததிலிருந்து செய்வது வேறு. காலைக் கீழே விட்டு மணலைத் தேடி, ஊன்றி நின்றுவிடுவோம். காவிரியிலும் வெண்ணாற்றிலும் அது நம்மைக் காப்பாற்றும். வேகமாக ஓடும் பாறை ஆற்றில் அதே பழக்கம் ஆளைக் கொன்றுவிடும்.

பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னால் சாய்த்து அமுக்கும். காலைப் பின்னால் இழுத்தால்தான் விடுபடும், பின்னால் இழுக்கவோ நீர் விடாது. தொடையளவு தண்ணீரில்கூட இப்படித்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் லைஃப் ஜாக்கெட்டும் உதவாது, நீச்சலும் உதவாது. அதனால் இருபது, முப்பது தடவையாவது பழகுங்கள். யோசிக்காமல் கால் மேலே வரும்வரை பழகுங்கள்.

படி 7: களனி கங்கையில்

கித்துல்கல, அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. இங்கே ராஃப்டிங் சுமார் 5 கிலோமீட்டர். ஆறு வெள்ளைவெள்ளையாகக் கொந்தளிக்கும் இடங்களும், நடுவில் அமைதியான நீளங்களும் மாறிமாறி வரும். முதல்முறை வருகிறவர்களுக்கு ஏற்ற வேகம். மேலே லக்சபான நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து விடும் தண்ணீரைப் பொறுத்து மட்டம் ஏறும், இறங்கும். மேட்டூரில் திறந்தால் நம் ஊருக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும், அதற்குள் சேதியும் வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. கைடு இல்லாமல் குளிக்கக்கூட ஆற்றில் இறங்காதீர்கள்.

காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். இடியாப்பமும் சொதியும் போதும். ஜீன்ஸ் வேண்டாம், சீக்கிரம் காயும் அரைக்கால்சட்டை நல்லது. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும், பின்பக்கம் வார் உள்ள செருப்பு வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். போன், பர்ஸ், மோதிரம் எல்லாம் கரையில் நிற்கும் நண்பனிடம்.

லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் ஒருவர் தோள்பட்டையை இன்னொருவர் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு, இன்னும் இறுக்குங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். துடுப்பின் மேல்முனையில் குறுக்குப் பிடி இருக்கும். என்ன ஆனாலும் அதிலிருந்து கையை எடுக்காதீர்கள். ராஃப்டிங்கில் பல் உடைவது பெரும்பாலும் பக்கத்து ஆளின் கைவிட்ட துடுப்பால்தான்.

கைடு படகின் பின்னால் உட்கார்ந்து கட்டளை கொடுப்பார்: முன்னால் துடுப்பு, பின்னால் துடுப்பு, நிறுத்து, குனிந்து பிடி. கரையில் இதைப் பழக்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். படகு பாறையில் மோதினால் எல்லோரும் பாறைப் பக்கமாகச் சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் படகு கவிழும்.

மூன்றாவது கொந்தளிப்பில் எங்கள் வலங்கைமான் நண்பன் விழுந்தான். ஐந்து பேரில் நன்றாக நீந்துகிறவன் அவன்தான். விழுந்த உடனே நின்றுவிடப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே பாறை கிழித்தது. கைடு "காலைத் தூக்கு" என்று ஆங்கிலத்தில் கத்தினார், நாங்கள் தமிழில் கத்தினோம். சட்டென்று மல்லாந்தான், கால் விரல் வெளியே தெரிந்தது. கயிறு வீசினார்கள். சொல்லிக் கொடுத்தபடி கயிற்றைக் கையில் சுற்றாமல் நெஞ்சோடு பிடித்து, தோள்மேல் போட்டுக்கொண்டு மல்லாந்தபடியே வந்தான். படகில் ஏறியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "கால் தானா கீழ போச்சுடா." இரண்டு தையல். அவ்வளவோடு போயிற்று. ஊரில் ஒரு வாரம் பழகியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

பாறைக் குளத்தில் குதிப்பது தனி விளையாட்டாக நடக்கிறது. முதல் பயணத்தில் அது வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஆட்கள் தலைகீழாகப் பாய்ந்து பழகியவர்கள், அந்தப் பழக்கத்துக்கு அது இடமில்லை.

படி 8: மலையில் ஒரு நாள், கடலில் ஒரு நாள்

மறுநாள் ஹட்டன் பக்கம் போனோம். தேயிலைத் தோட்டத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பாட்டி, "எந்த ஊரு?" என்றார். சொன்னோம். தன் பூட்டன் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து நடந்து வந்து கப்பலேறியவர் என்றார். கடைசியில் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பயணத்தில் இப்படி ஒரு பொழுதுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து தெற்கே வெலிகம. சிங்களத்தில் வெலி என்றால் மணல், கம என்றால் ஊர். பெயருக்கேற்ப விரிகுடாவின் அடியில் மணல்தான். அதனால்தான் சர்ஃபிங் முதல்முறை கற்கிறவர்களை அங்கே அனுப்புகிறார்கள். நுரைப் பலகை கேளுங்கள், பட்டாலும் அவ்வளவாக வலிக்காது. பலகையின் கயிற்றைப் பின்காலில் கட்டுங்கள். விழும்போது தட்டையாக விழுங்கள், தலை முதலில் போகக் கூடாது. மேலே வரும்போது கையால் தலையை மறையுங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும்கூட இதே விதிதான்.

நீடாமங்கலத்தான் இடுப்பளவு தண்ணீரில் காலை ஊன்றிப் பார்த்தான். "மணலுடா" என்று சொல்லி, பலகை ஒன்று கேட்டான். தாளில் அவன் பெயருக்கு நேரே சர்ஃபிங் இல்லை. அவனாகவே கேட்டதால் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டு எச்சரிக்கை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள், அங்கே அது பெரிய அவமதிப்பு. பௌர்ணமி போயா விடுமுறை, பல இடங்கள் மூடியிருக்கும். நாள் குறிக்கும்போதே காலண்டரைப் பாருங்கள்.

படி 9: கடைசி நாள்

கடைசி நாளில் எந்த விளையாட்டும் வைக்காதீர்கள். வெலிகமவிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை இருந்தாலும் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரப் பாதிப் பகல் ஒதுக்குங்கள். காயம் பட்டவர் இருந்தால் மருத்துவமனைச் சீட்டு, அசல் ரசீது, ராஃப்டிங் நடத்தியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். ஊர் திரும்பியதும் பாஸ்போர்ட்டில் வருகை, புறப்பாடு முத்திரை விழுந்த பக்கங்களின் நகலைச் சேர்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். வலங்கைமான் நண்பனின் இரண்டு தையலுக்கு அந்த உறைதான் பணம் வாங்கிக் கொடுத்தது.